அருங்காட்சியகப் படங்களை முறையாக, இலவசமாக எடுத்துப் பயன்படுத்துவது எப்படி?

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியத்தில் ஒரு சிறிய ஓவியம் இருக்கிறது. உயரம் 45.5 செ.மீ., அகலம் 41 செ.மீ. சமையலறையில் நின்று ஒரு பணிப்பெண் மண்பாத்திரத்தில் பால் ஊற்றுகிறாள். யோஹானஸ் வெர்மீர் 1660 வாக்கில் வரைந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த அருங்காட்சியகத்தார் இணையத்தில் தேடிப் பார்த்தபோது, இந்த ஒரே ஓவியத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் கிடைத்தன. பெரும்பாலானவை மஞ்சள் பூத்தவை, மங்கலானவை. அந்த நகல்களைப் பார்த்தே பழகியவர்கள், அருங்காட்சியகக் கடையில் சரியான நிறத்தில் அச்சிட்டு வைத்திருந்த தபால் அட்டையைப் பார்த்து, ‘அசல் ஓவியம் இப்படி இருக்காது’ என்று நம்ப மறுத்தார்கள்.

கெட்ட நகலை விரட்ட நல்ல நகலைத் தாங்களே கொடுத்துவிடுவதுதான் வழி என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். 2012-இல் ரைக்ஸ்ஸ்டுடியோ என்ற பகுதியைத் தொடங்கி 1,25,000 படங்களை உயர்ந்த தரத்தில், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களைத் திறந்தது. சிகாகோ கலைக்கழகம் 2018-இல், கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2019-இல், பாரிஸ் மாநகர அருங்காட்சியகங்களும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியனும் 2020-இல் அதே வழியில் வந்தன.

ஆனாலும் நம் புத்தக அட்டைகளிலும், கண்காட்சிப் பதாகைகளிலும், யூடியூப் முகப்புப் படங்களிலும் இன்றைக்கும் வருவது கூகுளில் முதலில் கண்ணில் பட்ட படம்தான். அச்சில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, நிறம் மாறியிருக்கிறது, யார் வரைந்தது என்ற தகவல்கூட இல்லை. நல்ல படம் இலவசமாக, முறையாகக் கிடைக்கும்போது இந்த நிலை தேவையே இல்லை. இதற்கு முன் அருங்காட்சியக இணையதளம் எதையும் திறந்து பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ஓவியரின் உரிமை முடிந்துவிட்டதா?

எந்தப் படத்திலும் இரண்டு உரிமைகள் இருக்கக்கூடும். ஒன்று, ஓவியத்தை வரைந்தவருடையது. மற்றொன்று, அந்த ஓவியத்தைக் கேமராவில் எடுத்தவருடையது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஓவியர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அதன் பிறகு அந்தப் படைப்பு பொது உரிமைக்கு வந்துவிடும். ராஜா ரவி வர்மா இறந்தது 1906-இல். எந்தத் தடையும் இல்லை. அம்ரிதா ஷேர்கில் 1941 டிசம்பரில் இறந்தார். 2002 ஜனவரி முதல் அவர் ஓவியங்கள் எல்லாருக்கும் பொது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதிக்கு ஓவியம் தீட்டிய நந்தலால் போஸ் 1966-இல் இறந்தார். 2026 முடியும்வரை உரிமை உண்டு. ஜாமினி ராய் 1972. அவருக்கு 2032 முடியவேண்டும். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1977, 2037 வரை காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் கணக்கு வேறு. ஐரோப்பிய நாடுகளில் இறப்புக்குப் பின் 70 ஆண்டுகள். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் என்ற கணக்கு வருகிறது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1954-இல் இறந்தார். ஐரோப்பாவில் அவர் உரிமை 2024 முடிவில்தான் தீர்ந்தது. பிக்காசோ 1973, அவர் உரிமை இங்கும் முடியவில்லை, அங்கும் முடியவில்லை. நீங்கள் செய்யும் புத்தகம் அமேசானில் வெளிநாட்டிலும் விற்கப்போகிறது என்றால், எந்த நாட்டின் கணக்கு கடுமையோ அதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

சோழர் செப்புத் திருமேனி, மொகலாயச் சிற்றோவியம், ரெம்பிராண்ட், ஹொகுசாய், வான்கோ இவர்களுக்கெல்லாம் இந்தக் கவலையே வேண்டாம்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வருவதால் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ரவி வர்மா, ஷேர்கில், நந்தலால் போஸ், ஜாமினி ராய் போன்றவர்களின் ஓவியங்கள், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி தேசியக் கலைச்செல்வங்கள். அதனால் அசல் ஓவியத்தை நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது. அது அசலுக்கான விதி. படத்தைப் பயன்படுத்துவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

படி 2: படம் எடுத்தவரின் உரிமை என்ன ஆகிறது?

இங்கேதான் தட்டையான ஓவியமும் முப்பரிமாணச் சிற்பமும் பிரிகின்றன.

ஓவியத்தை நேர் எதிரே கேமராவை வைத்து அச்சு அசலாக நகலெடுப்பதில் புதிய படைப்பு ஒன்றும் இல்லை என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1999-இல் பிரிட்ஜ்மேன் வழக்கில் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த பதிப்புரிமை நெறிமுறையின் 14-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது: பொது உரிமைக்கு வந்த காட்சிக்கலைப் படைப்பை வெறுமனே நகலெடுத்தால் புதிய உரிமை பிறக்காது. பிரிட்டனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் கொடுத்த ஒரு தீர்ப்பும் படைப்புத்தன்மைக்கு அதே அளவுகோலை வைத்தது.

சிற்பம் அப்படி இல்லை. எந்தக் கோணம், விளக்கு எங்கே, நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும், பின்புலம் கறுப்பா சாம்பலா என்று தீர்மானிப்பவர் படம் எடுப்பவர். நடராஜர் ஆயிரம் ஆண்டு பழையவர்; ஆனால் அவரை எடுத்த படம் போன வருடத்துப் படைப்பாக இருக்கலாம், அதற்கு உயிருள்ள ஓர் உரிமையாளர் இருக்கலாம். ‘கோயில் சிலைதானே, யாருக்கு உரிமை’ என்று யாரோ ஒரு புகைப்படக்காரரின் பக்கத்திலிருந்து எடுத்துப் போடுவது தவறு. சிற்பம் என்றால், படத்தை எடுத்த அருங்காட்சியகமே அதைத் திறந்துவிட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

படி 3: குறியைப் படியுங்கள்

படத்துக்குக் கீழேயோ, ‘உரிமைகள்’ என்ற தலைப்பின் கீழோ ஒரு குறி இருக்கும். அதைப் படிக்காமல் படத்தைத் தரவிறக்காதீர்கள்.

‘சிசி’ என்பது ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற திறந்த உரிமங்களின் சுருக்கம். ‘சிசி ஜீரோ’ என்றால் அருங்காட்சியகம் தன் பங்குக்கு இருக்கக்கூடிய எல்லா உரிமைகளையும் விட்டுவிட்டது. விற்கலாம், வெட்டலாம், நிறம் மாற்றலாம், பெயர் போடவேண்டிய கட்டாயம்கூட இல்லை. ‘பப்ளிக் டொமைன்’ என்ற முத்திரை, படைப்பில் தெரிந்தவரை யாருக்கும் உரிமை மிச்சமில்லை என்கிறது. நடைமுறையில் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம்.

‘சிசி பை’ என்றால் பெயர் போட்டே ஆகவேண்டும். அதோடு ‘என்சி’ என்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் வணிகத்துக்குக் கூடாது. ‘எஸ்ஏ’ என்று இருந்தால், அதைக் கொண்டு நீங்கள் செய்வதையும் அதே உரிமத்தில் வெளியிடவேண்டும்.

இந்த ‘என்சி’யில் நம்மவர்கள் நிறைய இடறுகிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்கள் முதல் தஞ்சாவூர் ஓவியங்கள்வரை தென்னிந்தியப் பொருள்கள் ஏராளம். அதன் தளத்தில் படங்களை இலவசமாக இறக்கவும் முடியும். ஆனால் உரிமம் ‘சிசி பை-என்சி-எஸ்ஏ’. வகுப்பில் காட்டலாம், விளம்பரமில்லாத சொந்த வலைப்பூவில் போடலாம். விலை போட்டு விற்கும் புத்தகத்தின் அட்டைக்கு அது செல்லாது. அதற்குத் தனியே அனுமதி வாங்கிப் பணம் கட்டவேண்டும். ‘இலவசமாக இறங்கியதே’ என்பது பதிலாகாது.

இத்தாலி இன்னொரு தனிக் கதை. அங்கே பதிப்புரிமை முடிந்துபோன படைப்பானாலும், அரசு அருங்காட்சியகத்தில் இருந்தால், வணிகப் பயன்பாட்டுக்குப் பாரம்பரியச் சொத்துச் சட்டம் கட்டணம் கேட்கிறது. லியோனார்டோ டா வின்சியின் ‘விட்ருவிய மனிதன்’ ஓவியத்தைப் புதிர்ப்படமாக விற்ற ரேவன்ஸ்பர்கர் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு எதிராக வெனிஸ் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. இத்தாலிக்கு வெளியே அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வம்புக்குள் போகாமல், ஓவியம் இத்தாலி அருங்காட்சியகத்துடையது என்றால் வேறு ஓவியத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

படி 4: எந்த அருங்காட்சியகத்துக்குப் போவது?

தொடங்குவதற்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தையே (சுருக்கமாக ‘மெட்’) சொல்வேன். தொகுப்பு பெரியது, தேடல் எளிது, உலகத்தின் எல்லாப் பகுதிகளும் இருக்கின்றன. தேடல் பக்கத்தில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ என்ற வடிகட்டி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் எடுத்துக்கொள்ளக்கூடியவை மட்டும் வரும். ரவி வர்மா அச்சகத்தின் வண்ண அச்சுகள்கூட அங்கே உண்டு.

டச்சு ஓவியங்களுக்கு ரைக்ஸ்மியூசியத்துக்கு இணை இல்லை. ஜப்பானிய மரக்கட்டை அச்சு, வான்கோவின் படுக்கையறை, சூராவின் புள்ளி ஓவியம் வேண்டுமென்றால் சிகாகோ. மறுமலர்ச்சிக் காலத்துக்கு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம். செடி கொடி, பூச்சி, விண்வெளிக் கருவி, முப்பரிமாண மாதிரி என்று பாடப் புத்தகத்துக்கு உதவுவது ஸ்மித்சோனியன். 2020-இல் திறந்தபோதே 28 லட்சம் படங்கள்.

கிளீவ்லாந்தை மட்டும் தமிழர்கள் தவறவிடவே கூடாது. 11-ஆம் நூற்றாண்டுச் சோழ நடராஜர் ஒருவர் அங்கே இருக்கிறார். சேர்க்கை எண், அதாவது அருங்காட்சியகம் அந்தப் பொருளுக்குக் கொடுத்த பதிவு எண், 1930.331. அச்சுக்கு ஏற்ற டிஃப் கோப்பாகவே இறக்கிக்கொள்ள முடியும். கோப்பு பெரியது, ஆகையால் மொபைல் டேட்டாவில் முயல வேண்டாம்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகமும் 2013 முதல் படங்களைத் திறந்து கொடுக்கிறது. படங்களை விலைக்கு விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் முற்றிலும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் அருங்காட்சியகம் சும்மா கொடுப்பதையே பயந்து விட்டுவிடுபவர்களும் உண்டு, நிறுவனத்தின் படத்தை இலவசம் என்று எடுத்து வக்கீல் நோட்டீஸ் வாங்குபவர்களும் உண்டு.

விக்கிமீடியா காமன்ஸ் எல்லாருக்கும் தெரிந்த இடம். அங்கிருந்து எடுப்பதில் தவறில்லை. ஆனால் படத்தின் பக்கத்தில் ‘மூலம்’ என்ற வரியைப் பாருங்கள். அருங்காட்சியகத் தளத்தின் இணைப்பு இருந்தால் ஒரு தட்டு தட்டி அங்கேயே போய்விடுங்கள். கோப்பும் புதியதாக இருக்கும், தகவலும் சரியாக இருக்கும். பின்டரெஸ்ட், வால்பேப்பர் தளங்கள், வாட்ஸ்அப்பில் வந்தது இவற்றை எதற்கும் எடுக்கவேண்டாம்.

படி 5: தேடும் விதம்

இந்தத் தளங்களில் தமிழில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆங்கிலத்தில் தேடும்போதும், பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்த காலத்தில் என்ன பெயரில் பதிந்தார்களோ அதை ஊகிக்கவேண்டும். தஞ்சாவூருக்கு ‘டாஞ்சூர்’, திருச்சிக்கு ‘டிரிச்சினோப்பொலி’, சென்னைக்கு ‘மெட்ராஸ்’. சோழ மண்டலக் கடற்கரையிலிருந்து 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குப் போன கையால் வரைந்து சாயமிட்ட துணிகளை நம் ஊர்ப் பெயர்களில் தேடினால் கிடைக்காது. ‘கோரமண்டல் கோஸ்ட்’, ‘சின்ட்ஸ்’, ‘பாலம்போர்’ என்று போட்டால் அலமாரி அலமாரியாக வரும். பூ வேலைப்பாட்டுக்கு இவற்றைவிட நல்ல வடிவங்கள் எங்கும் இல்லை. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டால் வேறு பக்கம் போகமாட்டார்கள்.

தெய்வ வடிவங்களுக்கு ‘சிவா’, ‘பார்வதி’, ‘விஷ்ணு’, ‘கிருஷ்ணா’ என்று பெயரைப் போட்டு, கூடவே ‘சோழா’ அல்லது ‘தமிழ்நாடு’ என்று சேருங்கள். நாயன்மார், ஆழ்வார் உருவங்களுக்குப் பெயரோடு ‘செயின்ட்’ என்பதையும் போட்டுப் பாருங்கள்.

படி 6: ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம்

மெட்டின் தேடல் பெட்டியில் 57.51.3 என்று போடுங்கள். நிற்கும் பார்வதியின் பக்கம் வரும். 10-ஆம் நூற்றாண்டின் முதற் கால்பகுதி, சோழர் காலம், தமிழ்நாடு, செப்புக் கலவை என்று விவரம் இருக்கும். படத்தின் அருகே ‘பப்ளிக் டொமைன்’ என்ற சொற்கள் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால், கீழ்நோக்கிய அம்புக் குறியைத் தட்டுங்கள். அவ்வளவுதான், கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், யாருக்கும் எழுத வேண்டாம்.

ஒரே சிலைக்குப் பல கோணங்களில் படங்கள் இருக்கும். அடியில் வரிசையாக இருக்கும் சிறு படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். முதலில் தெரிவதையே எடுத்துக்கொண்டு போய்விடுவது வழக்கமாகிவிட்டது. பின்புறக் கோணத்திலும் பக்கவாட்டிலும்தான் பல நேரம் நல்ல அட்டைப் படம் ஒளிந்திருக்கும். இறக்கிய கோப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பூ ஏந்தும் பாவனையில் வலக்கை, தோளிலிருந்து தளர்வாகத் தொங்கும் இடக்கை, இடையிலிருந்து கால்வரை உடலோடு ஒட்டிய ஆடையில் ஓடும் கொடி வேலை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குக்கூட இவ்வளவு நெருக்கம் கிடைக்காது. திறந்த உரிமம் என்பதன் முழுப் பயனும் எனக்குத் தெரிவது இப்படிப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான்.

வெர்மீரையும் அப்படியே பாருங்கள். ரைக்ஸ்மியூசியத்தில் அதன் எண் எஸ்கே-ஏ-2344. ஆங்கில எழுத்துகளில் தேடுங்கள். வெள்ளைச் சுவரில் அடித்த ஆணி, அதன் நிழல், ஆணி பிடுங்கிய துளைகள், சுவரின் அடியில் வரிசையாகப் பதித்த நீல வண்ண ஓடுகள், தரையில் கால் காயும் கணப்புப் பெட்டி எல்லாம் தெளிவாகத் தெரியும். இணையத்தில் சுற்றும் மஞ்சள் நகலில் இவற்றில் பாதி இருட்டில் போயிருக்கும்.

படி 7: எண்ணையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கிய கோப்பின் பெயர் ‘டிபி’ என்றோ ‘இமேஜ்’ என்றோ தொடங்கி எண்களாக இருக்கும். ஆறு மாதம் கழித்து அது எந்த ஊர் எந்தச் சிலை என்று யாருக்கும் தெரியாது. இறக்கிய கையோடு பெயரை மாற்றுங்கள்: அருங்காட்சியகம், சேர்க்கை எண், பொருளின் பெயர். அதே கோப்புறையில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வைத்து, பக்கத்தின் முகவரி, உரிமக் குறி, இறக்கிய தேதி மூன்றையும் எழுதுங்கள். உரிமக் குறி தெரியும்படி பக்கத்தையே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிட்டால் இன்னும் நல்லது. அருங்காட்சியகங்கள் தளத்தை மாற்றி அமைக்கும்போது முகவரிகள் செத்துப்போகும். சேர்க்கை எண் மாறாது. பிற்காலத்தில் பதிப்பாளரோ வாசகரோ கேட்டால் அந்த எண்தான் உங்கள் ஆதாரம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது இதைவிடப் பெரியது. பொருளின் பக்கத்தில் ‘ப்ரோவனன்ஸ்’ என்ற தலைப்பு இருக்கும். அந்தப் பொருள் யார் யார் கை மாறி அங்கே வந்தது என்ற வரலாறு. நம் ஊர்ச் சிலைகளின் பக்கங்களில் அதை அவசியம் படியுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து, ஊர் பெயரோடு சேர்த்து வைத்திருந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருப்பது தெரிந்து, 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்ததற்கு அந்தப் படங்கள் சான்றாக நின்றன. ஊரும் விவரமும் சேர்ந்திருந்ததால்தான் அவை சான்றாயின. விவரத்தை உரித்துவிட்டுப் படத்தை மட்டும் பரப்பும் ஒவ்வொரு முறையும் அந்த வலிமையை நாம் குறைக்கிறோம்.

படி 8: அச்சுக்குப் போதுமா?

கணக்கு எளிது. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். கோப்பின் அகலத்தை 300-ஆல் வகுத்தால் எத்தனை அங்குலம் தாங்கும் என்று தெரிந்துவிடும். டெமி அளவுப் புத்தகம் 5.5 x 8.5 அங்குலம், முன்னட்டைக்குக் குறைந்தது 1650 x 2550 பிக்சல், வெட்டுக்கு விடும் ஓரம் தனி. ஏ4 தாளுக்கு 2480 x 3508. திறந்த உரிமத்தில் கொடுக்கும் பெரிய அருங்காட்சியகங்களின் கோப்புகளில் பெரும்பாலானவை ஓர் அட்டைக்குத் தாராளமாகப் போதும். போதாவிட்டால் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுப் பெரிதாக்காதீர்கள். அது இல்லாத தூரிகைக் கோடுகளையும் இல்லாத முகக் களையையும் தானாக இட்டு நிரப்பும். அது வெர்மீர் வரைந்தது ஆகாது. படத்தைச் சின்னதாக வையுங்கள், அல்லது வேறு படம் பாருங்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவ் இணைப்புக் கொடுங்கள்.

நிறத்தில் ஒரு கவனம். திரையின் நிறமும் நான்கு மை அச்சின் நிறமும் ஒன்றல்ல. வெர்மீரின் பணிப்பெண் இடுப்பில் கட்டிய ஏப்ரனின் நீலம், அல்ட்ராமரீன் என்ற விலையுயர்ந்த நிறமி. திரையில் பளிச்சென்று இருப்பது சிஎம்ஒய்கே-வுக்கு, அதாவது அந்த நான்கு மை முறைக்கு, மாற்றியதும் மங்கும். மாற்றும் வேலையை அச்சகத்தின் கையில் விட்டுவிடாமல், டிசைனரை உட்காரவைத்து நீங்களே பாருங்கள். ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து, அருங்காட்சியகப் பக்கத்தைத் திரையில் திறந்துவைத்து ஒப்பிடுங்கள். பளபளப்பு லேமினேஷன் நிறத்தைக் கொஞ்சம் தூக்கும், மேட் கொஞ்சம் அமுக்கும். இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

படி 9: பெயர் போடுவது

சிசி ஜீரோவில் கட்டாயம் இல்லைதான். ஆனாலும் போடுங்கள். அந்தப் படத்தைச் சுத்தம் செய்து, விளக்கு அமைத்து, எடுத்து, விவரம் எழுதி வைத்தவர்கள் சம்பளத்துக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. உங்கள் வாசகர் ஒருவர் அசலைத் தேடிப் போகவும் அந்த வரிதான் வழி. பதிப்புரிமைப் பக்கத்தில் ஒரு வரி போதும்:

அட்டைப் படம்: நிற்கும் பார்வதி, சோழர் காலம், 10-ஆம் நூற்றாண்டு. மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், நியூயார்க், 57.51.3. பொது உரிமை.

ஓவியத்தை வெட்டியிருந்தால் ‘பகுதி’ என்றும், நிறத்தை மாற்றியிருந்தால் ‘நிறம் மாற்றப்பட்டது’ என்றும் சேருங்கள். அருங்காட்சியகத்தின் சின்னத்தைப் போடாதீர்கள். அவர்கள் உங்கள் புத்தகத்துக்கு ஒப்புதல் கொடுத்ததுபோல் ஆகிவிடும். ஓவியத்தின் மேல் உங்கள் பெயரில் வாட்டர்மார்க் அடிப்பதும் வேண்டாம். எல்லாருக்கும் என்று வந்ததை நமக்கு மட்டும் என்று ஆக்கும் வேலை அது.

சட்டம் தடுக்காவிட்டாலும் நாமே யோசிக்கவேண்டியவை சில உண்டு. காலனிக் காலத்தில் ‘சாதி வகை’ என்று பெயரிட்டு நம் மக்களை நிறுத்திவைத்து எடுத்த படங்களும் வரைந்த ஓவியங்களும் இந்தத் தொகுப்புகளில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு அவை தேவை. துணிப்பையிலும் தேநீர்க் கோப்பையிலும் அலங்காரமாக அச்சடிக்க நான் எடுக்கமாட்டேன்.

படி 10: நீங்களும் ஒன்று சேருங்கள்

சோழர் செப்புத் திருமேனிகளில் மிகச் சிறந்தவை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திலும் இருக்கின்றன. ஆனால் கும்பகோணத்து மாணவி தன் பள்ளிக் கண்காட்சிக்குத் தடையின்றி எடுக்கக்கூடிய துல்லியமான படம் நியூயார்க்கிலிருந்தும் கிளீவ்லாந்திலிருந்தும்தான் வருகிறது. அதனால் நம் புத்தகங்களிலேயே நம் ஊரில் இருக்கும் திருமேனிகளைவிட அமெரிக்காவில் இருப்பவை அதிகம் தென்படுகின்றன. இது எனக்கு உறுத்தலான விஷயம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, மெட்டுக்கு மூத்தது. அதன் செப்புத் திருமேனிக் கூடம் முழுவதும் சிசி ஜீரோவில் வந்தால், உலகம் முழுதும் சோழர் கலை என்றால் எழும்பூர் என்று ஆகும். அரசுக்கு எழுதிக் கேளுங்கள். கேட்பவர்கள் பலர் என்று தெரிந்தால்தான் அதிகாரிகள் யோசிப்பார்கள்.

அதுவரை நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. பழைய சிற்பத்தில் யாருக்கும் பதிப்புரிமை இல்லை. நீங்கள் எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது. அதை நீங்கள் திறந்துவிடலாம். அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேமராவுக்கு அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, படத்தை வெளியிடுவதற்கு நிபந்தனை உண்டா என்று கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடிப் பெட்டி என்றால் லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோய், கறுப்புத் துணியோ கைக்குட்டையோ கொண்டு சுற்றிலும் மறைத்தால் எதிரொளிப்பு குறையும். சிலையை எடுத்ததும் அதன் விவர அட்டையை அடுத்த படமாக எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து எது எது என்று குழம்பவேண்டியதில்லை.

பிறகு விக்கிமீடியா காமன்ஸில் ஒரு கணக்குத் தொடங்கி, ‘கோப்பைப் பதிவேற்று’ என்பதைத் தட்டி, ‘இது என் சொந்தப் படைப்பு’ என்பதைத் தேர்ந்து, உரிமத்தில் சிசி ஜீரோவைத் தேர்ந்தெடுங்கள். விளக்கப் பெட்டியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்: சிலையின் பெயர், கிடைத்த ஊர், காலம், அருங்காட்சியகம், விவர அட்டையில் உள்ள எண். ஊர்ப் பெயரை இன்றைய எழுத்துமுறையிலும் பழைய ஆங்கில எழுத்துமுறையிலும் இரண்டாகப் போட்டால் இரண்டு வகையில் தேடுபவர்களுக்கும் அகப்படும்.